சீட்டுக் குலுக்கி ஒரு டோர்னமென்ட்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பொங்கலுக்கும் கோடைக்கும் கிரிக்கெட் போட்டி நடத்துகிற இளைஞர் மன்றங்களுக்கும் டீம்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. மைக் செட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஸ்கோர் நோட்டு எழுதுகிற ஆள் நான்தான். மயிலம் பக்கம், ஒலக்கூர் பக்கம், விக்கிரவாண்டி பக்கம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்து எழுதியிருக்கிறேன். பேட் பிடிக்கத் தெரியாது. எழுத்து மட்டும் அழகாக இருக்கும் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பழைய நோட்டுகளைப் பரண் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். இந்த மடலுக்குக் காரணம் அந்த நோட்டுகளும், என் அக்கா மகனின் செல்போனும்.

பையன் திண்டிவனத்தில் பாலிடெக்னிக் படிக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவனுக்கு வேறு உலகம். காதில் ஹெட்செட், கூட நான்கு பேர் ஸ்குவாட். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. அடுத்து பி.ஜி.எம்.ஐ. போய், அடுத்த வருஷம் திரும்பி வந்தது. ஒன்றை மூடினால் இன்னொன்றுக்குக் குடிபோய்விடுகிறார்கள்.

ஒருநாள் கூட ஆட ஆள் கிடைக்கவில்லை. அப்படி நேரத்தில் கேமே ஆள் பிடித்துக் கொடுத்துவிடும். ‘ரேண்டம்’ என்பார்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களில் ஒருத்தன் தமிழ்ப் பையன். இவன் அடிபட்டு ஊர்ந்துகொண்டிருக்கிறான், எதிரி மேலே சுட்டுக்கொண்டிருக்கிறான், அந்தப் பையன் குறுக்கே ஓடி வந்து ரிவைவ் கொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறான். மேட்ச் முடிந்ததும் ஒரே குஷி. ‘எந்த ஊர் ப்ரோ?’ விழுப்புரம் மாவட்டம். ‘மாவட்டத்துல எங்க?’ எங்கள் ஏரிக்கு அந்தாண்டதான். மூன்றாவது கேள்வி, ‘ஊரா, காலனியா?’ அத்தோடு மைக் ஆஃப். மூன்றாவது கேள்வியை யார் கேட்டது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செல்போன் விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பேசுவதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அந்த விளையாட்டு பையனை அரைமணி நேரம் ஓர் ஊரும் தெருவும் இல்லாத இடத்தில் வைத்திருந்தது. அங்கே அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதும், தெரு தெரிந்த நொடியில் எப்படி மாறினான் என்பதும் அவன் சொன்னதிலேயே தெரிந்தது. விளையாட்டில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். 2005 செப்டம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டில், ஒரு பெரிய அரக்கனின் குகைக்குள் மட்டும் இருக்க வேண்டிய நோய் நிரல்பிழையால் வெளியே தப்பி நகரங்களில் பரவியது. சிலர் மருத்துவம் பார்க்க ஓடினார்கள், சிலர் காட்டுக்குத் தப்பினார்கள், சிலர் வேண்டுமென்றே சந்தைக்குப் போய் மற்றவர்களுக்கு ஒட்டவைத்தார்கள். தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துவைத்துக்கொண்டு 2007இல் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். கொரோனா சமயத்தில் நம் தெருக்களில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

அது கற்பனை உலகம். நம் மைதானத்தில் நடப்பதற்கு வருகிறேன்.

என் நோட்டுகளைப் புரட்டினால் டீம் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். நண்பர்கள், பிரதர்ஸ், பாய்ஸ், லெவன்ஸ்டார். பெயரைப் பார்த்து எந்தத் தெரு டீம் என்று வெளியூர்க்காரனால் சொல்ல முடியாது. ஜெர்சியின் முதுகில் யார் படம் இருக்கிறது என்று பார்த்தால் அவனும் சொல்லிவிடுவான். ஊர் டீமில் காலனிப் பையன் ஆடியதாகவோ, காலனி டீமில் ஊர்ப் பையன் ஆடியதாகவோ நான் எழுதிய மேட்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பெரும்பாலும் ஆள் குறைந்தபோது சேர்த்துக்கொண்ட கணக்கு. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் திறமையான ஒரு பையனைச் சாதிக்காக டீமில் எடுக்க மறுப்பார்களே, அதை நம்மூர்த் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தோம். விசிலடித்தவர்கள் மறுநாள் அவரவர் டீமில் போய் ஆடினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். ஒரு தெருவில் ஒரு வருஷத்தைச் சொல்லி வளர்க்கிறார்கள், அடுத்த தெருவில் இன்னொரு வருஷத்தைச் சொல்லி. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. 2023இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் யார் உள்ளே போவது என்ற தகராறு முற்றி ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். திரௌபதிக்குப் பத்து நாள் பாரதக் கூத்து நடத்துகிற மண் இது. பகடைத் துகில் அன்றைக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்க்கிறோம். ஒரு சூதாட்டம் எத்தனை அரசியல் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

இனி கிரிக்கெட்டை வைத்தே செய்த ஓர் ஆராய்ச்சி. மேத்யூ லோ என்ற பொருளியல் ஆய்வாளர் 2017இல் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் எட்டு கிரிக்கெட் லீக் நடத்தினார். பல சாதிகளிலிருந்து மொத்தம் 1,261 இளைஞர்களைப் பட்டியல் எடுத்தார். அவர்களில் யார் ஆடுவது, யார் ஆடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளியே நிற்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. டீமுக்கு ஐந்து பேர். சில டீம்களில் ஐந்து பேரும் ஒரே சாதிப் பிரிவு, சிலவற்றில் கலந்து. அதுவும் குலுக்கல்தான். யார் யாரோடு மோதுவது? அதுவும் குலுக்கல். ஆக, உங்கள் செல்போன் ‘ரேண்டம்’ என்று செய்வதை இவர் வெயிலில் மண் தரையில் செய்தார்.

லீக் முடிந்த பிறகு விளையாட்டைவிட நுணுக்கமான சில காரியங்கள் செய்தார். யாரோடு பழகுகிறாய் என்று கேட்டார். அடுத்த மேட்சுக்கு உன் டீமை நீயே பொறுக்கு என்றார். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. ஒவ்வொருவனுக்கும் பரிசு கொடுத்தார். கையுறை, செருப்பு. ஆனால் ஜோடி சேராது. இடது காலுக்கே இரண்டு என்கிற மாதிரி. மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் வலது கால் வைத்திருக்கிறவனைத் தேடிப் போக வேண்டும், அவன் எந்தச் சாதியாக இருந்தாலும். மேத்யூ லோ வெளிநாட்டுக்காரர், செருப்பு என்பதை ஒரு சாமான் என்று நினைத்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். எந்தத் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்ததை அறிந்த நமக்கு, அடுத்த சாதிக்காரனிடம் போய் ‘உன் ஒத்தைச் செருப்பைக் கொடு, என் ஒத்தைச் செருப்பைத் தருகிறேன்’ என்று நிற்பது எத்தனை பெரிய சங்கதி என்று தெரியும்.

கலந்த டீமில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய சிநேகம் கூடியது. தன் சாதிக்காரனையே பொறுக்குவது குறைந்தது. அந்த மாற்று வியாபாரமும் நன்றாக நடந்தது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். இரண்டாவது முடிவுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த சாதிக்காரர்களை எதிர் டீமில் வைத்து ஆடியவர்களுக்குப் பொதுவாகப் பழக்கம் குறைந்தது, வியாபாரமும் கெட்டது. அதே பந்து, அதே மைதானம், அதே பையன்கள். பக்கத்தில் நிற்கிறானா, எதிரில் நிற்கிறானா என்பதுதான் வித்தியாசம். 2021இல் அமெரிக்காவின் முதன்மையான பொருளியல் இதழில் இது வெளிவந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆடாமல் நின்றவர்களைவிட ஆடியவர்களிடம் நெருக்கம் அதிகமாகத்தான் இருந்தது. ஆட்டமே கெடுதல் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது நம் பொங்கல் டோர்னமென்ட்டை நினைத்துப் பாருங்கள். நாம் நடத்துவது முழுக்க முழுக்க அந்த இரண்டாவது வகை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், பக்கத்து ஊர் இன்னொரு பக்கம். ‘விளையாட்டு எல்லாரையும் ஒண்ணு சேர்க்குதுங்க’ என்று மேடையில் பேசி, பேச வந்தவருக்குச் சால்வை போட்டு, கீழே இறங்கி எதிரெதிராக நிற்கிறோம். கடைசி ஓவரில் ஒரு நோ-பால் தகராறு. இடுப்புக்கு மேலே வந்ததா இல்லையா என்பது கேள்வி. ஐந்து நிமிஷத்தில் அது உங்க அப்பன், எங்க அப்பன் என்று ஆகி, ராத்திரி பஸ் ஸ்டாப்பில் தொடர்ந்து, மறுநாள் ஸ்டேஷனில் முடியும். அம்பயர் எந்தத் தெரு என்பதும் அதில் ஒரு பிரச்சனை. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் இறுதிப் போட்டியை நிறுத்திக் கோப்பையை ஊராட்சி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த மேட்ச் என் நோட்டில் 4.3 ஓவரோடு நிற்கிறது.

எதிரெதிரே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டியவர் லோ அல்ல. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்பவர் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப் போய் இரண்டு டீமாகப் பிரித்தார். எல்லாரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். போட்டி வைத்த சில நாளில் கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிலுக்குள் ஒருவர் புகுந்து சூறையாடினார்கள். ஷெரிப்பின் ஆட்களே தூபம் போட்டார்கள் என்று பிறகு கடுமையான விமர்சனம் வந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் முகாமுக்குத் தண்ணீர் வராமல் நின்றபோது இரண்டு டீமும் சேர்ந்து தொட்டியைத் தேடிப் போய் அடைப்பைப் பார்த்தார்கள் என்ற பகுதி என் மனதில் நிற்கிறது. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலை வரை மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மணல் மூட்டை தூக்கியவர்களுக்கு அது புரியும். தண்ணீர் வடிந்த பிறகு என்ன ஆனது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சாதிக்கொரு டீம், மதத்துக்கொரு டீம் என்பது நம் கண்டுபிடிப்பும் இல்லை. பம்பாயில் பார்சி, ஐரோப்பியர், இந்து, முஸ்லிம் என்று பிரித்து வருஷா வருஷம் போட்டி நடந்தது. 1937இல் மீதிப்பேருக்கென்று ஐந்தாவது டீமும் வந்தது. 1940இல் காந்தி இது வேண்டாம் என்றார், 1946இல் நின்றது. அந்த ‘இந்து’ டீமுக்குப் பந்து வீசி ஜெயித்துக் கொடுத்த பல்வாங்கர் பாலு தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் ஆடிய காலத்தில், ஆட்டத்தின் நடுவே அவருக்கு மட்டும் டீயை வெளியே மண் குவளையில் கொடுப்பார்கள். அவரைக் கேப்டனாக்கவே இல்லை. தம்பி விட்டல் 1923இல்தான் கேப்டன் ஆனார். 1937 தேர்தலில் பாலு நின்று தோற்றது அம்பேத்கரிடம். ஒரே டீமில் ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த மண் குவளையைக் காட்டுங்கள். ஒரே டீம் என்பது போதாது, டீ எங்கே குடிக்கிறோம் என்பதும் கணக்கு.

இதையே வேறு விதமாகச் சொன்னது ஈராக்கில் நடந்த ஒரு சோதனை. ஐ.எஸ். அட்டூழியத்தில் ஊரை விட்டு ஓடிய கிறித்தவர்களின் கால்பந்து டீம்களில், குலுக்கலில் வந்த சிலவற்றுக்கு மட்டும் மூன்று நான்கு முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார் சல்மா மூசா. லீக்குக்குள் நல்ல மாற்றம். முஸ்லிம் ஆட்டக்காரருக்கு நன்னடத்தைப் பரிசுக்கு ஓட்டுப் போட்டார்கள், அடுத்த சீசனிலும் கலந்த டீமில் பெயர் கொடுத்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, மோசுலில் ஒரு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவாயா என்று பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. 2020இல் வந்த முடிவு இது. என் அக்கா மகனின் மைக் மாதிரிதான். உள்ளே உயிரைக் கொடுத்து ரிவைவ், வெளியே வந்ததும் மூன்றாவது கேள்வி.

அப்படியானால் எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்பீர்கள். வெளியிலும் வேலை செய்த ஓர் ஆட்டம் உண்டு. ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் 2013இல் விவசாயிகளை உட்காரவைத்து நிலத்தடி நீர் விளையாட்டு ஒன்று ஆடினார்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிற பயிரா, குறைவாகக் குடிக்கிற பயிரா என்று ஆளுக்கொரு முடிவு. எல்லோரும் பேராசைப்பட்டால் சில சுற்றுகளில் நீர்மட்டம் பாதாளத்துக்குப் போகும். முதலில் பேசாமல் ஆடினார்கள், பிறகு பேசிக்கொண்டு ஆடினார்கள். முடிந்ததும் ஊரைக் கூட்டி என்ன நடந்தது என்று அலசினார்கள். பின்னாளில் போய்ப் பார்த்தபோது, விளையாட்டு நடந்த ஊர்களில் தண்ணீர்க் கணக்குப் பதிவேடு வைப்பதும், தண்ணீருக்குக் கட்டுப்பாடு வைப்பதும் விளையாடாத ஊர்களைவிட அதிகமாக இருந்தது. வெறும் ஆட்டத்தோடு விட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆடியபின் உட்கார்ந்து பேசியதுதான் வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம். நாம் மேட்ச் முடிந்ததும் பரிசு வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்துவிடுகிறோம்.

பொங்கல் போட்டியைத் தொடச் சொல்லவில்லை. அது தெரு மானம், அதில் கை வைத்தால் என் நாற்காலியைத் தூக்கி எறிவீர்கள். கோடையில் ஒன்றே ஒன்று நடத்துங்கள். ஒவ்வொரு டீமும் பதினொரு பேரின் பெயரைக் கொடுக்கட்டும். கீப்பர் சீட்டு ஒரு டப்பா, பவுலர் சீட்டு ஒரு டப்பா, மற்றவர்கள் ஒரு டப்பா. குலுக்கி எடுத்து எட்டுப் பேர் கொண்ட டீம்களாகப் பிரிப்போம். எட்டு ஓவர் மேட்ச். ஜெர்சி வெள்ளை டி-ஷர்ட், முதுகில் நம்பர் மட்டும். கேப்டனையும் சீட்டே எடுக்கட்டும், பாலுவுக்கு நடந்தது நடக்க வேண்டாம்.

இதைச் சொன்ன இடத்தில் ஏற்கனவே மூன்று ஆட்சேபம் வந்துவிட்டது. தரம் போய்விடுமாம். போகும், முதல் இரண்டு மேட்ச் ரன் அவுட்டாகவே இருக்கும். ரேண்டம் வந்தவன் சொதப்பினால் நீங்கள் எப்படித் திட்டுகிறீர்களோ அப்படித் திட்டிக்கொண்டே ஆடுங்கள். இரண்டாவது, ஸ்பான்சர் யாரும் தர மாட்டார்களாம். உண்மைதான், தெருவுக்குப் படம் போட முடியாத ஜெர்சிக்குக் காசு கொடுக்க எந்தக் கட்சிக்காரருக்கும் மனம் வராது. தேர்தல் வந்தால் கிட் வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு டீம் என்பது ஓட்டுப் பட்டியல். ஆனால் 2024இல் அரசாங்கம் கலைஞர் பெயரில் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்ததே, அது ஊராட்சிக்கு வந்தது, ஒரு தெருவுக்கு வரவில்லை. அந்தப் பெட்டி உங்கள் ஊராட்சியில் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று போய்க் கேளுங்கள். சாவி இருக்கிற வீட்டு முகவரியே ஒரு பாடம்தான். மூன்றாவது, பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் பெரியவன் வயசுக்கு வந்துவிட்டேன். என் தெருவில் இதைச் சொன்னபோது ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மதியச் சாப்பாடு ஒரே பந்தியில். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டீம் கலந்து, சோறு தனித்தனிப் பொட்டலமாக வீட்டிலிருந்து வந்தால் நாம் புனே மண் குவளைக்குத்தான் திரும்பியிருப்போம். சமையலுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வரட்டும்.

இந்த மடல் தம்பிகளுக்கு மட்டுமே போகிறது என்பது எனக்கே உறுத்துகிறது. லோவின் சோதனையிலும் ஆண்கள்தான். நம் கிராமத்து மைதானங்களில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடப் போட்டி தவிர எங்கே இறங்குகிறார்கள்? கபடியில் மாவட்டம் வரை போய் வந்த பெண்ணைக்கூட ஊர் டோர்னமென்ட்டில் கோலம் போடக் கூப்பிடுகிறோம். அது தனி மடல், வேறு யாராவது என்னைவிடத் தகுதியாக எழுதட்டும்.

மே முதல் வாரம் எங்கள் ஏரி காய்ந்துவிடும். தையில் தண்ணீர் நிற்கிற இடத்தில் சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. பிட்ச் போட வேண்டுமென்றால் அதை முதலில் வெட்டியாக வேண்டும். ஊர்ப் பக்கக் கரையிலிருந்தும் காலனிப் பக்கக் கரையிலிருந்தும் ஆள் வந்தால் இரண்டு காலை வேலை. டப்பா மூன்றும் நான் கொண்டுவருகிறேன், நோட்டும் புதிது வாங்கிவிட்டேன். டீம் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஏ, பி, சி என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். கத்தி அரிவாள் இருக்கிறவர்கள் எடுத்துவாருங்கள். முள் வெட்டத்தான்.

அன்புடன்,
உங்கள் ஸ்கோரர்
திண்டிவனம்